பச்சைப் பால் நுரை

ஒதியம்பட்டு
ஆகஸ்ட் 18

மருமக வெண்ணிலாவுக்கு உன் அத்தை ஆதிலட்சுமி எழுதிக்கிறது. இங்க நான் இருக்கேன். இருக்கேன்னு மட்டும்தான் எழுத முடியும். நீ எப்படி இருக்கிற? பாப்பாவுக்கு சளி வுட்டுச்சா? உங்க அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா?

உன் போனுக்கு அடிச்சிப் பாத்தேன். அந்த நம்பரே இல்லன்னு ஒரு பொம்பள சொல்றா. உங்க அண்ணன் முத்துக்குமரன் நம்பருக்குப் போட்டா, தங்கச்சி தூங்குதுன்னு சொல்லி வெச்சிடுறாரு. காலையில அடிச்சாலும் தூங்குற, சாயங்காலம் அடிச்சாலும் தூங்குற. நெசமாவே தூங்குனா எனக்கு சந்தோஷம்தான். அதான் அஞ்சாவது வரைக்கும் படிச்சத வெச்சி எழுதுறேன். உங்க தெரு செல்வகுமாரி கம்பெனி வேன்ல தெனமும் வில்லியனூர் வருது இல்ல, அது கையில குடுத்து வுடுறேன். எழுத்து தப்பா இருந்தா நீயே சரி பண்ணிப் படிச்சிக்க.

ஒண்ணு கேக்கணும். எம் புள்ள புகழு வாங்கியாந்த, காபிக்கு நுரை அடிக்கிற மிஷின நீ வுட்டுட்டுப் போயிட்ட. அவன் மூலக்குளத்துல அந்த டிப்பர் லாரிக்கு அடியில போனதுலேர்ந்து இந்த வூட்டுல காபியே போடல. நேத்து எடுத்துத் தொடச்சேன். காபி குடிக்க இல்ல. அந்த சத்தம் கேக்கணும்னு இருந்துச்சி. டவுன்ல காபி கடையில நாள் பூரா நுரை அடிச்சிட்டு வந்து வூட்டுலயும் அடிக்கணுமாடான்னு கேப்பேன். அங்க அடிக்கிறது யாருக்கோ, இங்க அடிக்கிறது எங்க அம்மாவுக்குன்னு சொல்லுவான்.

பால நல்லா பொங்கக் காய்ச்சி, ஆடைய எடுத்துட்டு, அதுல ஊத்தி பட்டன அமுக்குனேன். கொர்ருன்னு ரெண்டு சுத்து சுத்திச்சி. செவப்பு லைட்டு கண்ண சிமிட்டிச்சி. நின்னுபோச்சி. திரும்ப அமுக்குனா திரும்ப நிக்குது. அவன் இல்லன்னு அதுக்கும் தெரிஞ்சிபோச்சா இன்னா?

எப்படி போடணும்னு எழுது. பாப்பா கன்னத்துல ஆயா முத்தம் குடுத்ததா சொல்லு. நாலு வரி எழுதுனாலும் போதும்.

ஆதிலட்சுமி


கரையாம்புத்தூர்
செப்டம்பர் 1

அத்தைக்கு வணக்கம். கடிதம் கிடைத்தது. நாங்க நலம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்குது. நீங்க வேளைக்கு சாப்பிடுங்க.

மிஷின் ரிப்பேர் இல்ல. காய்ச்சின பாலை அதுல ஊத்தக்கூடாது. பால் ஏற்கனவே சூடா இருந்தா, வேலை முடிஞ்சிட்டுதுன்னு நினைச்சி அது நின்னுடும். ஃப்ரிட்ஜ்ல வெச்ச பச்சைப் பாலை அப்படியே ஊத்தணும். உள்ள ரெண்டு கோடு இருக்குது, கீழ் கோட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினா நுரை ஏறி வெளிய வழியும். சர்க்கரை போடக்கூடாது, அடியில புடிக்கும். அதுவே சூடு பண்ணும், அதுவே நுரை அடிக்கும், அதுவே நிக்கும். அப்புறம் டம்ளர்ல இருக்குற டிகாஷன்ல பாலை ஊத்தி, நுரையைக் கரண்டியால மேல போடணும். கழுவும்போது உள்ள மட்டும் கழுவுங்க. அடிப்பக்கம் கரண்ட் இருக்குது, தண்ணி படக்கூடாது.

பாப்பா பால் குடிக்க மாட்டேங்குறா. நுரை மீசை வேணும்னு கேக்குறா. மிஷினை செல்வகுமாரி கிட்ட குடுத்து அனுப்புங்க.

வெண்ணிலா


ஒதியம்பட்டு
செப்டம்பர் 6

கண்ணு வெண்ணிலாவுக்கு அத்தை எழுதுறது. உன் எழுத்தப் பாத்ததே பாதி சாப்பாடு. நானும் ஒரு வேள சாப்புடுறேன், பயப்படாத. பாப்பாவ நெனச்சாதான் எறங்கல. பால் குடிக்காம புள்ள எப்படி இருக்கும்?

நீ எழுதுனது எல்லாம் புரிஞ்சிது. ஆனா பச்சப் பால என்னால வெக்க முடியலடி. அவன எரிச்ச மறுநாள் சுடுகாட்டுல தெளிக்கறதுக்கு வாங்கியாந்தது பச்சப் பாலுதான். அதுலேர்ந்து இந்த வூட்டுக்குள்ள பாலு வந்தா, பைய கீழ வெக்கறதுக்கு முன்னாடி அடுப்புல ஏத்திடுறேன். கண்ணால பாக்க முடியல. நேத்து உன் கடுதாசிய கையில வெச்சிகினே பாக்கெட்ட வெட்டுனேன். ஜக்குல ஊத்தப் போனேன். ஊத்தாம மறுபடி அடுப்புலதான் ஏத்துனேன். அப்புறம் ஆற வெச்சி ஊத்துனா கொஞ்ச நேரம் ஓடிச்சி. அந்த சத்தம் வரல. அவன் போட்டா மொதல்ல கொர்ருன்னு இருக்கும், அப்புறம் பாலு மேல ஏற ஏற சத்தம் மெத்துன்னு ஆயிடும் இல்ல, அது வரல.

பால் தெளிக்கப் போன அன்னிக்கு நடந்தது எனக்கு இப்பதான் தெரியும். நான் சுயநெனவு இல்லாம உள்ள கெடந்தேன். பக்கத்து வூட்டு விஜயராணி சொன்னா. விடிகாலையில நீ எழுந்து, அந்த மிஷின்ல நுரை அடிச்சி, பிளாஸ்க்குல ஊத்தி, பால் தெளிக்கப் போற ஆம்பளைங்க கையில குடுத்தியாமே. எங்க வூட்டுக்காரரோட அண்ணன், உன் பெரியமாமா கண்ணையன், மூடியத் தெறந்து பாத்துட்டு, பொணத்துக்குப் பாலு கேட்டா சோப்பு நுரைய குடுக்குறியான்னு வாசக் கால்வாயில கவுத்துட்டாராமே. நீ காலி பிளாஸ்க்க எடுத்துகினு உள்ள போயிட்டியாம். காரியம் முடிஞ்ச அன்னிக்கு பைய எடுத்துகினு கெளம்பிட்ட. நான் அங்க இருந்திருந்தா அந்த பிளாஸ்க்க புடுங்கி வெச்சிருப்பேன்டி.

மிஷின குடுத்து அனுப்ப மாட்டேன். நீ வந்து எடுத்துகினு போ. பாப்பாவக் கூட்டிகினு வா. ஒரு ராத்திரி தங்க வேணாம், ஒரு வேள சாப்ட்டுட்டுப் போ.

வழி பாத்துகினு இருக்குற,
உன் அத்தை


ஒதியம்பட்டு
அக்டோபர் 6

வெண்ணிலாவுக்கு. நீ நல்லா இருக்கணும், பாப்பா நல்லா இருக்கணும். எனக்கு ஒடம்புல ஒண்ணும் இல்ல.

நீ பதில் போடல. செல்வகுமாரிய வேன் நிக்கிற எடத்துல தெனமும் போயி பாக்குறேன். அது என்னப் பாத்தாலே, இல்ல ஆயான்னு தலைய ஆட்டிகினே எறங்குது. பாவம், அதுக்கும் சங்கடம்.

பொறுக்க முடியாம போன செவ்வாக்கெழம நானே பஸ் ஏறி கரையாம்புத்தூர் வந்தேன். உனக்குத் தெரியுமோ தெரியாதோ. உங்க அண்ணன் வாசல்லயே நின்னாரு. மரியாதையாத்தான் பேசுனாரு, பொய் சொல்லக்கூடாது. உக்காருங்கன்னு சேர் போட்டாரு. தங்கச்சி வெளிய போயிருக்குது, நீங்க வந்து வந்து நிக்கக்கூடாது, அது மனசு மாறணும்னு நாங்க பாக்குறோம்னு சொன்னாரு. உங்க அண்ணி டீ குடுத்தாங்க. பேப்பர் கப்புல குடுத்தாங்க வெண்ணிலா. உங்க வூட்டுல எவ்ளோ எவர்சில்வர் டம்ளர் இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? உங்க வூட்டு விசேஷத்துக்கு நான் வெச்ச சீர் டம்ளரே ஆறு இருக்குது.

கொடியில பாப்பா கவுனு காஞ்சிகினு இருந்துச்சி. நான் தெச்சிக் குடுத்தது இல்ல, புதுசு. நீளமா இருந்துச்சி. வளந்துடுச்சா? அந்த கவுன ஒருவாட்டி தொட்டுப் பாத்துட்டு வந்துட்டேன். 

எம் மேல கோவமா? பெரியவரு பண்ணதுக்கு எம் மேல கோவப்படாத. எனக்கு ஒரு புள்ளதான் பொறந்தான். அவனுக்கு ஒண்ணுதான் பொறந்துச்சி. அதையும் காட்ட மாட்டேன்னா நான் எங்கடி போவேன்? நேத்து கரும்புத் தோட்டத்துல காஞ்ச சோவத் தழ உரிக்கிறப்ப, கெணத்தப் பாத்துகினே ரொம்ப நேரம் நின்னுட்டேன். விஜயராணி வந்து கையப் புடிச்சி இஸ்துகினு போனா. அவ சொல்லி நீ தெரிஞ்சிக்கக்கூடாதுன்னு நானே எழுதுறேன்.

ஒரு வரி எழுது.

ஆதிலட்சுமி


கரையாம்புத்தூர்
அக்டோபர் 12

அத்தைக்கு. இந்தக் கடிதம் கிடைக்கும்போது நீங்க வீட்டுக்குள்ள இருக்கணும், தனியா கிணத்துப் பக்கம் போகக்கூடாது. விஜயராணி அக்காவைக் கூட படுத்துக்கச் சொல்லுங்க. எனக்காக இல்லன்னாலும் பாப்பாவுக்காக. அவ தினமும் ஆயா எங்கன்னு கேக்குறா. சத்தியமா கேக்குறா.

எனக்கு உங்க மேல கோபம் இல்ல. நீங்க வந்த அன்னைக்கு நான் வெளிய எங்கயும் போகல. உள்ளதான் இருந்தேன். அதுக்கு மேல எழுத முடியல.

நீங்க வந்துட்டுப் போனப்புறம் இங்க ரெண்டு நாள் பேச்சு. அதனால வரவேணாம் அத்தை. வேணாம்னு நான் சொல்லல, வந்தா இன்னும் கெடும்னு சொல்றேன்.

பாப்பா இளைச்சிட்டா. நர்ஸம்மா எடை பார்த்துட்டு பால் குடுங்கன்னு சொன்னாங்க. மிஷினைத் தயவுசெய்து குடுத்து அனுப்புங்க.

வெண்ணிலா


ஒதியம்பட்டு
அக்டோபர் 14

வெண்ணிலாவுக்கு. உன் கடுதாசி வந்த அன்னிக்கே இத எழுதுறேன். நான் கெணத்துப் பக்கம் போவல. விஜயராணி கூடத்துல படுத்துக்குறா. அவ குறட்டையில சாவுறதே பெரிய பாடு, நான் வேற தனியா சாவணுமா.

புள்ள எளச்சிடுச்சின்னு எழுதிட்ட. இதுக்கு மேல நான் புடிச்சி வெச்சிருந்தா மனுஷி இல்ல. மிஷின குடுத்து வுடுறேன். அவன் காபி கடை பனியன்ல சுத்தியிருக்கேன். தொவைக்காத பனியன் அது, தொவைச்சிடாத. வொயரு தனியா கீழ இருக்குது.

பாப்பாவுக்கு நீயே அடிச்சிக் குடு. கை வெக்க வுடாத, சுடும். மொத டம்ளரு குடிச்சதும் மீசை எப்படி இருந்துச்சின்னு எனக்கு எழுதணும். அவன் அந்த மீசைய தொடைக்க வுடமாட்டான். போலீஸ்காரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் எழுந்து நில்லுங்கன்னு என்னையும் எழுப்பி நிக்க வெப்பான்.

ஷெல்ஃபுல அது இருந்த எடம் வட்டமா சுத்தமா இருக்குது, சுத்தியும் தூசு. அங்க வேற எதையும் வெக்கல.

உன் அத்தை


கரையாம்புத்தூர்
நவம்பர் 9

அத்தைக்கு வணக்கம். உடம்பு எப்படி இருக்குது? மழைக்கு முன்னாடி கூரை ஓடெல்லாம் மாத்தினீங்களா? 

மிஷின் வந்துச்சி. பனியனும் வந்துச்சி. ஆனா ஜக்குக்குள்ள சுத்துற கம்பி இல்ல. நடுவுல ஒரு முள் இருக்கும், அதுல மாட்டுற சின்ன வளையம், சுருள் சுருளா இருக்குமே, அதுதான். அது இல்லாம நுரை வராது. கழுவும்போது கழண்டு விழுந்திருக்கும். தேடிப் பார்த்து அனுப்புங்க. கடையில தனியா விக்கலையாம், அண்ணனுக்குத் தெரியாம விசாரிச்சேன்.

பாப்பா நல்லா இருக்கா.

வெண்ணிலா


ஒதியம்பட்டு
டிசம்பர் 8

வெண்ணிலாவுக்கு. நீங்க எல்லாம் பத்திரமா? உங்க பக்கம் தண்ணி ஏறிச்சின்னு செல்வகுமாரி சொல்லிச்சி. பாப்பா மழையில நனையலயே?

உனக்கு உடனே எழுதல. மழை ஒரு காரணம். சங்கராபரணி ஆத்துல தண்ணி தெறந்து வுட்டு, வூட்டுக்குள்ள கட்டில் கால் வரைக்கும் வந்துடுச்சி. ராத்திரி பூரா கட்டில் மேலயே நானும் விஜயராணியும் குந்திகினு இருந்தோம். அவ மாதாவக் கூப்புடுறா, நான் மாரியம்மாவக் கூப்புடுறேன். ரெண்டு பேர்ல யாரு வந்தாங்களோ, காலையில வடிஞ்சிடுச்சி. புகழு போட்டோவ பரண் மேல வெச்சேன். ரேஷன் கார்ட வெச்சேன். வேற எதையும் எடுத்து வெக்க வேண்டி இல்ல, மிச்சம் என் கையிலயே இருந்துச்சி.

நீ கேட்ட வளையத்த தேடுனேன். பாத்திரம் தேய்க்கிற எடத்துல தேடுனேன், கால்வாயில கைய வுட்டு அளஞ்சேன். ஆம்புடல. அது எவ்ளோ சின்னது. சுண்டு வெரலுக்கு சரியா உக்காரும், அவ்ளோதான் அது. வெயில் அடிச்சா இறுக்கும், மழைக்கு லூசாவும். அது எங்க போயி வுழுந்துச்சோ.

ஆம்புட்டா நானே கொண்டாந்து தரேன். நான் வரக்கூடாதுன்னா நீ வா. வேற வழி தெரியல எனக்கு.

பாப்பா இன்னா குடிக்குது?

ஆதிலட்சுமி


கரையாம்புத்தூர்
ஜனவரி 30

அன்புள்ள அத்தை, நலமா? பொங்கலுக்கு உங்களைப் பார்க்கக்கூட வர முடியல. இங்க எல்லாரும் இருக்கோம்.

வளையம் காணோம்னு எழுதுறவங்க, அது வெயிலுக்கு இறுக்கும் மழைக்கு லூசாகும்னு எப்படி அத்தை எழுதுவாங்க? படிச்சிட்டு சிரிச்சேன். அவர் போனப்புறம் முதல் தடவை சிரிச்சேன். அப்புறம் அழுகையை நிறுத்த முடியல. அது உங்க விரல்லயே இருக்கட்டும். நான் திருப்பிக் கேக்க மாட்டேன்.

ஏன்னா நானும் உங்ககிட்ட பொய் சொன்னேன். பாப்பா பால் குடிக்கிறா. முதல்ல இருந்தே குடிக்கிறா. டம்ளர்ல குடுத்தா டம்ளர்ல குடிக்கிறா. நுரையை ரெண்டு நாள் கேட்டா, மூணாவது நாள் மறந்துட்டா. இளைக்கவும் இல்ல. நான்தான் கேட்டேன். எனக்குத்தான் அந்த சத்தம் வேணும். இங்க அவர் பேரைச் சொன்னா அண்ணி டிவி சத்தத்தைக் கூட்டுறாங்க. வளையம் இல்லாம ஜக்குல கொஞ்சம் தண்ணி ஊத்தி பட்டனைப் போடுவேன். அடியில ஒரு உறுமல் வரும், அவ்வளவுதான். அதையே கேட்டுக்கிட்டு நிப்பேன். அண்ணி கரண்ட் பில்லு ஏறுதுன்னு பிளக்கைப் புடுங்கிட்டாங்க.

இன்னொண்ணு. உங்களுக்கு வேற ஆள் சொல்லித் தெரியக்கூடாது. எனக்குப் பாகூர்ல பேசி முடிச்சிட்டாங்க. ஸ்பேர் பார்ட்ஸ் கடை வெச்சிருக்கார். சம்சாரம் செத்துட்டாங்க. ரெண்டு பையன் இருக்காங்க. திவசம் முடிஞ்சி ஆவணியில கல்யாணம். வேணாம்னு சொன்னேன். எத்தனை நாளைக்கு எங்க தலையில உக்காரப்போறன்னு அண்ணன் கேட்டார். அம்மா முட்டியைத் தடவிக்கிட்டு இருந்தாங்க.

பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வரவேணாம்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்றாங்க. இங்கயே அம்மா கிட்ட விடணுமாம். அம்மாவால எழுந்து நிக்கவே முடியல. எனக்கு எதுவும் தெரியல அத்தை.

வெண்ணிலா


ஒதியம்பட்டு
பிப்ரவரி 2

எம் பொண்ணு வெண்ணிலாவுக்கு. மருமகள்னு எழுத கை வரல.

நீ கல்யாணம் பண்ணிக்க. பண்ணிக்காதன்னு சொல்ல நான் யாரு? முப்பது வயசு ஆவல உனக்கு. நானும் சின்ன வயசுலயே தாலி அறுத்தவதான். ஒண்டியா இருக்கறது இன்னான்னு எனக்குத் தெரியும். அந்தாளு நல்லவனா, குடிக்கிறானா, அத மட்டும் செல்வகுமாரிய வுட்டு விசாரிச்சிக்க. பாகூர்ல யாரு குடிக்காம கீறான்னு கேக்காத, கொஞ்சமா குடிக்கிறவனும் இருக்கான்.

ஆனா பாப்பாவ அங்க வுட்டுடாத. உங்க அண்ணி கையால சோறு தின்னுட்டு, டிவி சத்தத்துல அப்பன மறக்கணுமா எம் பேத்தி? என்கிட்ட குடு. உன் கால்ல வுழுந்து கேக்குறேன்னு எழுதுனா நீ கோச்சிப்ப. ஆனாலும் கேக்குறேன். எனக்கு தெம்பு இருக்குது. கழனி வேலைக்கு இன்னும் போறேன். உன் கிட்டேர்ந்து பறிக்கல. உனக்கு எப்ப தோணுதோ அப்ப வந்து பாரு. ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து தட்டுனாலும் கதவத் தெறப்பேன்.

வளையம் என்கிட்டதான் இருக்குது. மறச்சி வெச்சேன்னு சொல்லத் தெரியல, கழட்ட முடியல. ஆனியில திருக்காஞ்சி ஆத்தங்கரையில மொத திவசம். நீ ஜக்க எடுத்துகினு வா. நான் வெரல எடுத்துகினு வரேன்.

பெரியவரு கிட்ட பேசிட்டேன். கேளு.

"இந்தவாட்டி நுரை அடிச்ச பாலுதான் ஊத்தணும்" னேன்.

"பைத்தியமா ஆதி உனக்கு? ஐயரு சிரிப்பாரு" ன்னாரு.

"சிரிச்சா சிரிக்கட்டும். உங்க அப்பாருக்கு படையல்ல சுருட்டு வெச்சிங்களே, அத ஐயரா பத்த வெச்சாரு? எம் புள்ள வாய்க்குப் புடிச்சத ஊத்துறதுக்கு உங்களுக்கு இன்னா வலிக்குது? அன்னிக்கு நீங்க கால்வாயில கவுத்தது பால் இல்ல மாமா, அது அந்தப் பொண்ணுக்கு இருந்த ஒரே பேச்சி."

துண்ட ஒதறி தோள்ல போட்டுகினு போயிட்டாரு. முடியாதுன்னு மட்டும் சொல்லல.

பதில் எழுது. எழுதுடி. இத எழுதி முடிக்கறதுக்குள்ள நாலுவாட்டி எழுந்து போயி முகம் கழுவிட்டு வந்தேன்.

உன் அம்மா மாதிரி இருக்குற,
ஆதிலட்சுமி


கரையாம்புத்தூர்
ஜூன் 24

அத்தை,

நாலு மாசத்துக்கு மேல ஆச்சி. நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேக்கவே கூச்சமா இருக்குது. இருக்கீங்கன்னு மட்டும் செல்வகுமாரி சொல்லுவா. வேன் நிக்கிற இடத்துல நீங்க கேக்குறதையே நிறுத்திட்டீங்க, சும்மா வந்து நின்னுட்டுப் போறீங்கன்னு சொன்னா. எழுத உக்காருவேன். உங்க கேள்விக்கு ரெண்டே பதில்தான். ரெண்டையும் எழுதக் கை வரல.

திவசத்துக்கு நான் வரல. அண்ணன் விடல, அது ஒண்ணு. விட்டாலும் வரமாட்டேன். வந்தா அந்த வீட்டுலேர்ந்து நான் திரும்ப மாட்டேன் அத்தை. அப்புறம் அண்ணன் குடுத்த வாக்கு, அவர் கையால சாப்பிடுற அம்மா வயிறு, எல்லாம் கெடும். அதனால வரல.

ஜக்கை செல்வகுமாரி கிட்ட குடுத்து அனுப்புறேன். ஸ்விட்ச் போடத் தெரிஞ்ச ஆளையும் கூட அனுப்புறேன். வேன் நிக்கிற இடத்துக்கு சீக்கிரமா வந்துடுங்க, அவளைக் காக்க வைக்காதீங்க.

பாப்பாவுக்கு என்ன சொல்லி அனுப்புறேன்னா, ஆயா வீட்டுல படிக்கப் போற, அம்மா அப்பப்ப வரும்னு. அதையே நீங்களும் சொல்லுங்க. அழுதா தலையைத் தடவ வேணாம், முதுகைத் தடவணும். இடது பக்கமா படுத்தாதான் தூங்குவா. பச்சை கவுன் அவளுக்குப் பிடிக்காது, போடச் சொன்னா போட்டுக்குவா, சொல்லாதீங்க. பை பின்னால இருக்குற ஜிப்புல ஊசி போட்ட அட்டை இருக்குது, ஸ்கூல்ல கேப்பாங்க. அண்ணன் தடுக்கல. அண்ணி பையில ரெண்டு பிஸ்கட் பாக்கெட் வெச்சாங்க. இவ்வளவு அன்பா அவங்க எதையும் செஞ்சி நான் பார்த்ததில்ல.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். திவசத்தன்னைக்கு செல்வகுமாரி லீவு போட்டுட்டு உங்க கூட இருப்பா. நான் அவ அம்மா வீட்டுல இருப்பேன். நுரை அடிக்கும்போது அவ போன்லேர்ந்து அவ அம்மா போனுக்கு அடிக்கச் சொல்லுங்க. நான் பேச மாட்டேன். என்னைப் பேச வைக்காதீங்க, பாப்பா கையிலயும் குடுக்காதீங்க. மிஷின் பக்கத்துல போனை வெச்சா போதும்.

பச்சைப் பாலை ஊத்துங்க அத்தை. அடுப்புல ஏத்திடாதீங்க.

வெண்ணிலா


ஒதியம்பட்டு
ஜூலை 3

என் கண்ணு வெண்ணிலாவுக்கு. பாப்பா சாப்ட்டுட்டு தூங்குது. இடது பக்கமாத்தான் படுத்திருக்குது. நீ சாப்ட்டியா?

எல்லாத்தையும் எழுதுறேன். நீ பாக்காதது எதுவும் இருக்கக்கூடாது.

திவசத்தன்னிக்கு விடிகாலையில விஜயராணி பாலு வாங்கியாந்து குடுத்தா. அடுப்பப் பத்த வெக்கல. பாக்கெட்ட வெட்டி, கண்ண மூடிகினு ஜக்குல ஊத்துனேன். கீழ் கோடு வந்துடுச்சி ஆயா, போதும் போதும்னு பாப்பா கத்துது. கண்ணத் தெறந்து பாத்தேன். வெள்ளையா, பாலு மாதிரிதான் இருந்துச்சி.

வளையம் வெரல வுட்டு வரல. சோப்பு போட்டு உருவ வேண்டியதாப் போச்சி. இது எங்க அப்பா மிஷினுது, நீ ஏன் மோதரம் போட்டுகினு இருக்கிறன்னு உன் மக கேட்டுச்சி. அது கையிலயே குடுத்துட்டேன். அதுதான் முள்ளுல மாட்டிச்சி, அதுதான் பட்டன அமுக்கிச்சி. கொர்ருன்னுது. நான் செவுத்தப் புடிச்சிகினேன். அப்புறம் பாலு ஏற ஆரம்பிச்சிது, சத்தம் கொஞ்சம் கொஞ்சமா மெத்துன்னு ஆச்சி. அதே சத்தம் வெண்ணிலா. அவன் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி வர்ற சத்தம். போனு பக்கத்துலயே இருந்துச்சி, நீ கேட்டிருப்ப.

மிஷினு நின்னுச்சி. நீ போன வெக்கல. மூச்சு கேட்டுச்சி. நான் பேசல, நீ சொன்ன மாதிரி போன பாப்பா கையிலயும் குடுக்கல. ஆனா அதுவே எட்டிப் பாத்து, நுரை வந்துடுச்சின்னு போனப் பாத்து கத்திச்சி. யாருன்னு தெரிஞ்சி கத்திச்சா, சும்மா கத்திச்சான்னு எனக்குத் தெரியாது. செல்வகுமாரி வாயப் பொத்திகினு தோட்டத்துக்கு ஓடிடுச்சி.

திருக்காஞ்சியில பெரியவரு பிளாஸ்க்க வாங்கி மூடியத் தெறந்தாரு. உள்ள பாத்துட்டு, "நுரை அடங்கிடப் போவுது, சீக்கிரம் மந்திரத்த முடிங்க" ன்னு ஐயர அதட்டுனாரு. பாப்பாதான் ஊத்திச்சி. ஆத்துல ஒரு கை அகலத்துக்கு வெள்ளையா மெதந்துச்சி. கொஞ்ச தூரம் போச்சி. அப்புறம் தண்ணியாயிடுச்சி.

நேத்து சாயங்காலம் காபி போட்டேன். பாப்பா கரண்டியால நுரைய எடுத்து எடுத்து டம்ளர்ல வெச்சிது. அதுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. மூணாவதா ஒரு டம்ளர எடுத்தாந்து அதுலயும் வெச்சிது. யாருக்குன்னு நான் கேக்கல. வெளக்கு வெக்கிற வரைக்கும் அது அப்படியே ஆறிகினு இருந்துச்சி. நுரை அடங்கிடுச்சி. கீழ ஊத்த மனசு வராம நானே குடிச்சிட்டேன்.

வளையத்த ஜக்குலேர்ந்து கழட்டல. கழுவி, மாட்டி, ஷெல்ஃபுல அந்த வட்டத்துலயே வெச்சிட்டேன். வெரல்ல அது இருந்த கோடு மட்டும் இருக்குது.

ஆவணி கிட்ட வந்துடுச்சி. செல்வகுமாரி வேனு பாகூர் பக்கம் போவாது. இனிமே தபால்லதான் போடணும். பாகூர் வூட்டு விலாசத்த எழுதி அனுப்பு. என் கண்ணுக்குத் தெரியற மாதிரி பெருசா எழுது.

ஆதிலட்சுமி